கீழத்தெருவுக்குத் தாகம் எடுத்த கதை

சேர்மக்கனி அந்த வெள்ளை மாத்திரையை விழுங்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கீழத்தெரு முழுவதற்கும் தாகம் எடுத்தது என்று சொன்னால், மேலத்தெருக்காரர்கள் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு எடுக்கவில்லை. எடுத்தவர்களுக்குத்தான் தெரியும் அது எப்பேர்ப்பட்ட தாகம் என்று. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைப்பதற்குள் தொண்டை பழையபடி காய்ந்து போகும், நாக்கில் செம்புக்காசை அடக்கி வைத்த மாதிரி ஒரு ருசி வந்து உட்கார்ந்துகொள்ளும், அந்த ருசியைக் கழுவ இன்னொரு செம்பு, அந்தச் செம்பை இறக்கி வைக்க வேலிக்குப் பின்னால் ஒரு ஓட்டம், ஓடித் திரும்பினால் மறுபடியும் தாகம்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் லாரி வந்து போன கொஞ்ச நேரத்திலேயே குடங்கள் காலியாகி, பெண்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கைகள் நடுங்க ஆரம்பித்தன. டீக்கடை இசக்கிமுத்து ஆற்றிய டீ பாதி கிளாஸிலும் பாதி மேஜையிலுமாக விழுந்தது, முந்தின நாள் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்ற கெட்ட பெயரை அவன் அநியாயமாகச் சுமந்தான். அவனைத் திட்டிக்கொண்டே கிளாஸை வாங்கிய ஊர்த்தலைவர் லிங்கத்துரை அண்ணாச்சியின் கையும் நடுங்கி, கிளாஸ் விளிம்பு அவர் பல்லில் டக்டக்கென்று இடித்தது. பெரிய நடுக்கம் என்று சொல்ல முடியாது. ஊசியில் நூல் கோக்க விடாது, அவ்வளவுதான். தெருவை விட்டு உப்பளத்துக்குப் போய்விட்டால் தாகமும் நடுக்கமும் நின்றுவிடும், வேலை முடிந்து மாரியம்மன் கோவில் வளைவைத் தாண்டிக் காலை உள்ளே வைத்ததும் மறுபடி தொற்றிக்கொள்ளும்.

கண்டுபிடித்தது சேர்மக்கனியின் நாத்தனார் பேச்சியம்மாள். தம்பி தங்கப்பழம் உப்பு லாரி ஓட்டப் போய்விட்டான், தம்பி பெண்டாட்டி என்ன செய்கிறாளோ என்று எட்டிப் பார்க்க வந்தவள், வாசற்படியில் சேர்மக்கனி இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவை நடுங்குவதைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். பேச்சியம்மாள் தன் கையையும் பக்கத்தில் நீட்டினாள். இரண்டு பேரின் விரல்களும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் நடுங்கின. சேர்மக்கனி தண்ணீர் குடித்ததும் பேச்சியம்மாளின் தொண்டையும் ஒரு நொடி நனைந்தது.

"ஏட்டி, இது ஒன்னோடதுல்லா?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஆமா மயினி. மாத்திரை போட்டதுலேருந்து."

"அதான பாத்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் தெருவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். தெருவும் அப்படியா என்று கேட்டுக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியது. ஒருத்திக்கு வந்தது ஊருக்கே எப்படி வரும் என்று யாரும் மோவாயில் கைவைத்து உட்காரவில்லை, தண்ணீருக்கு நிற்க வேண்டிய வரிசை அத்தனை நீளமாக இருந்தது.

சேர்மக்கனிதான் பயந்தாள். அவள் ஏற்கெனவே பயந்து கிடந்தவள். மனசு ஒரு சமயம் கால் தரையில் பாவாமல் பறப்பதும், இன்னொரு சமயம் எழுந்து முகம் கழுவக்கூட ஏலாமல் கிடப்பதுமாக அவளுக்கு ஒரு நோவு இருந்தது. போன பங்குனியில் அப்படித்தான் தூக்கமே இல்லாமல், ஓயாத பேச்சும் பாட்டுமாக, தன் சேலைகளையெல்லாம் தெருவில் போகிற வருகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தாள். அப்புறம் ஒரு மத்தியானம், கடல் ஏறுகிற நேரம் பார்த்து, ஏழு வயது மகள் பொன்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நம்மை ஒன்றும் செய்யாது என்று சிரித்தபடி ஓடைக்குள் இறங்கி நடந்தாள். பிள்ளைக்குக் கழுத்தளவு வந்தபோது அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குதித்து, பிள்ளையைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். அன்றிலிருந்து பொன்செல்வி தெருவின் அந்தக் கோடியில் அத்தை வீட்டில் வளர்கிறாள். இவள் நிதானத்துக்கு வந்த பிறகுதான் பிள்ளை என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள், சேர்மக்கனியும் அதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை கொடுக்கும்போதே எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். "தாகம் எடுக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், கை லேசா நடுங்கும், வயித்தைப் புரட்டும். ஆரம்பத்துல இதெல்லாம் வர்றதுதான். சாப்பிட்ட பிறகு போடு, தண்ணியைத் தாராளமா குடி, வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடு. வாந்தி, பேதி, நடை தள்ளாடுறது, நாக்கு குழறுறது, இதுல எது வந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதே, உடனே வா. நீயா மட்டும் நிறுத்திடாதே." பக்கத்தில் நின்ற தங்கப்பழம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ஆனால் தாகம் தெருவுக்கும் வரும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, பாவம், அவருக்கே தெரிந்திருக்காது.

கீழத்தெரு அந்த நோவோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. இசக்கிமுத்து முக்கால் கிளாஸ் டீதான் ஊற்றினான், காசு என்னவோ முழு கிளாஸுக்கு வாங்கினான். சவரம் செய்கிறவர் நாற்காலியைக் கோவில் வளைவுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார், உள்ளே வைத்துக் கத்தியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். லாரிக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நடை தண்ணீர் வரவழைத்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காபியைக் கையில் வாங்கியதும் மாப்பிள்ளை முதற்கொண்டு எல்லாருக்கும் டம்ளர் தட்டில் தாளம் போட, பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று இரண்டு வீட்டாரும் சந்தோஷப்பட்டு அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சேர்மக்கனி மாத்திரை போடுகிற நேரம் தெருவுக்கே மனப்பாடம் ஆயிற்று, நாக்கில் அந்தச் செம்புக்காசு ருசி ஏறியதும், "போட்டுட்டா," என்று சொல்லிக்கொண்டு அவரவர் செம்பைத் தேடினார்கள்.

இதையெல்லாம் கேட்டுச் சேர்மக்கனியால் சிரிக்க முடியவில்லை. பொன்செல்வியின் டீச்சர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் குண்டு குண்டாக அழகாய் எழுதுகிற பிள்ளை வீட்டுப்பாடத்தை மட்டும் ஏன் இப்படிக் கோணல்மாணலாக எழுதிக்கொண்டு வருகிறது என்று. அது காதில் விழுந்ததிலிருந்து சேர்மக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திய கையால் இப்போது பிள்ளைக்கு நஞ்சையும் ஊட்டுகிறேனா என்று நினைத்தாள். பிள்ளையை வேறெங்காவது அனுப்பலாம் என்றால் தங்கப்பழத்துக்கு வெளியூரில் அப்படி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு நாள் மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். மாத்திரை கரையக் கரைய அந்த ஓடையும், ஓடைக்குள் தான் சிரித்த சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்து உடம்பெல்லாம் குளிர்ந்துபோக, அவசரமாகத் தண்ணீரை ஊற்றி விழுங்கினாள். போட்டால் பிள்ளையின் கை நடுங்கும், போடாவிட்டால் பிள்ளையே இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் பொழுது கழிந்தது.

இதற்குள் தெருவுக்கும் பொறுமை போய்விட்டது. கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். சேர்மக்கனி ஒரு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், கூட்டம் முழுக்கத் தண்ணீர்ச் செம்போடு வந்திருந்தது.

"சேர்மக்கனி மேல ஒரு குத்தமும் இல்ல," என்று ஆரம்பித்தார் லிங்கத்துரை அண்ணாச்சி. "ஆனா எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கது? கொஞ்ச நாளு மாத்திரைய நிறுத்திப் பாத்தா என்ன?"

பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "நிறுத்தச் சொல்லுதவுக எல்லாரும் அவ ஓடையில எறங்குதப்போ வந்து தூக்குவியளா அண்ணாச்சி? அன்னைக்கு நான் ஒருத்திதான குதிச்சேன். மாத்திரை நிக்கப்படாது."

 இசக்கிமுத்துதான், "மாத்திரைய விடுங்க, தாகத்த மட்டும் நிறுத்துததுக்கு வழி பாப்போம்," என்றான். தாகம் எதனால் வருகிறது என்று கேட்டால் உப்பளத்துக்காரனுக்குத் தெரியாத பதிலா? உப்பால் வருகிறது. பிறந்ததிலிருந்து உப்பில் நின்று, உப்பை வாரி, உப்பில் காலை வெடிக்க வைத்துக்கொண்ட அத்தனை பேரும் அந்த இடத்தில் பண்டிதர்களாகிவிட்டார்கள். போதாக்குறைக்கு, மருந்து தின்றால் பத்தியம் இருக்க வேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காமாலைக்கு உப்பில்லாப் பத்தியம், காலில் நீர் கோத்தால் உப்பில்லாப் பத்தியம், இவ்வளவு பெரிய மருந்துக்குப் பத்தியமே இல்லாமல் இருந்ததுதான் இத்தனை கூத்துக்கும் காரணம் என்று ஒருவர் சொல்ல, நாமெல்லாம் இதை எப்படி யோசிக்காமல் விட்டோம் என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே சேர்மக்கனி வீட்டு உப்பு ஜாடியைப் பேச்சியம்மாள் தூக்கிக்கொண்டு போனாள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எதையும் யாரும் அவள் கண்ணில் காட்டக்கூடாது என்று பேச்சு.

சேர்மக்கனி அதற்கு மனசாரச் சம்மதித்தாள். பிள்ளைக்காகத் தன்னால் செய்ய முடிந்தது ஏதோ ஒன்று கிடைத்ததே என்று அவளுக்கு ஒரு ஆறுதல். நாத்தனார் இரண்டு வேளையும் ஒரு கல் உப்புகூடப் போடாமல் பொங்கிக் கொண்டுவந்த கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், மாத்திரையையும் தவறாமல் போட்டாள்.

தாகம் குறைந்த மாதிரி இருந்தது, அல்லது குறைய வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டதில் அப்படித் தோன்றியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, அளத்திலும் பாதிப் பேருக்கு வேலை இல்லை, தெரு நிறைய ஆட்கள். காலையிலேயே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது. சேர்மக்கனி குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தாள், வரிசையாக வீட்டு வாசல்களில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. விரல்களில் இருந்த நடுக்கம் தோள் வரைக்கும் ஏறியது. இசக்கிமுத்துவின் கையிலிருந்து பாய்லர் மூடி எகிறிப்போய் விழுந்தது. நடந்து போனவர்கள் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார்கள், பிடித்த சுவரும் நிற்காத மாதிரி இருக்கவே அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். லிங்கத்துரை அண்ணாச்சி என்னவோ உத்தரவு போட வாயைத் திறந்தார், நாக்கு தடித்து, கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சேர்மக்கனி வாசற்படியில் ஒருக்களித்துக் கிடந்தாள். அங்கிருந்து பார்த்தால் தெருக்கோடியில் பேச்சியம்மாள் வீடு தெரியும். பொன்செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பதும், கால் துவண்டு விழுவதும், மறுபடி எழுந்திருக்கப் பார்ப்பதும் தெரிந்தது. அம்மா என்று பிள்ளை கூப்பிட்டிருக்க வேண்டும், வாய் அசைந்தது, சொல் வரவில்லை. சேர்மக்கனி பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மகளின் உடம்பில் கண்ணால் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தாள், அதைவிடப் பெரிய பயம் அவள் ஆயுசில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காலி லாரியோடு அந்த நேரம் பார்த்துத் தங்கப்பழம் வந்து சேர்ந்தான். கோவில் வளைவில் நின்று பார்த்தவனுக்குத் தெருவே தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதில் அவனுக்கு ஒன்றே ஒன்று மண்டையில் நின்றிருந்தது, தள்ளாட்டமும் குழறலும் வந்தால் உடனே வா என்பது. தன் கால் துவள்வதற்குள் ஓடிப்போய் பெண்டாட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, விழுந்து எழுந்து வந்து லாரியில் ஏற்றினான். பேச்சியம்மாள் தவழ்ந்தே வந்து ஏறிக்கொண்டாள்.

லாரி வளைவைத் தாண்டியதும் கீழத்தெரு எழுந்து நின்றது. கை நின்றது, நாக்கு திரும்பியது, பொன்செல்வி தானாக நடந்து வாசலுக்கு வந்தாள். ஆனால் லாரிக்குள் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பிலிருந்து எல்லாம் வடிந்து போய்விட்டது, மடியில் கிடக்கிறவளுக்கு மட்டும் ஒன்றுகூட வடியவில்லை, கையும் காலும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இத்தனை நாள் தெருவே பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருந்ததில் அவள் பங்கு கொஞ்சமும் குறையவில்லை என்பது பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. "கண்ணத் தொறட்டி, என்னப் பாரு, என்னப் பாருட்டி," என்று டவுன் போய்ச் சேருகிறவரை கன்னத்தில் தட்டிக்கொண்டே போனாள்.

ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்து கேட்டார், "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒரு கல்லு உப்பு சேக்கல டாக்டரம்மா. பத்தியம் அவ்வளவு சுத்தம்," என்றாள் பேச்சியம்மாள்.

 டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த மருந்தும் ஒரு உப்புதாம்மா. நீங்க சாப்பாட்டு உப்பைத் திடீர்னு நிறுத்தினா கிட்னி பயந்துபோய், இருக்கிற உப்பையெல்லாம் வெளியே விடாமப் பிடிச்சு வச்சுக்கும். அதோட சேத்து மருந்தையும் பிடிச்சுக்கும். போடுற மாத்திரை வெளியே போகாம உள்ளேயே ஏறிக்கிட்டே போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இவளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

 பேச்சியம்மாள் சேர்மக்கனியின் கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

"உப்புத் தண்ணிதான்."

பேச்சியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

சேர்மக்கனி பிழைத்தாள். மருந்து ரத்தத்திலிருந்து இறங்கும்வரை அங்கேயே வைத்திருந்து, அப்புறம் முன்னைவிடக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். உப்பைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், தண்ணீரை மறக்க வேண்டாம், சொன்ன தேதிக்கு ரத்தம் கொடுக்க வர வேண்டும் என்று டாக்டரம்மா பேச்சியம்மாளையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். லாரி கோவில் வளைவுக்குள் நுழைந்தபோது கீழத்தெரு ஆளுக்கொரு கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேர்மக்கனி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிற நேரம் வந்தது, போனது. நாக்கைத் துழாவிப் பார்த்தார்கள், கையை நீட்டிப் பார்த்தார்கள், இசக்கிமுத்து கிளாஸ் தளும்ப டீ ஊற்றி ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தான். வந்தபோது காரணம் கேட்காத தெரு போனபோதும் கேட்கவில்லை. அவளுக்குக் குணமாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அவளுக்கு ஒன்றும் குணமாகவில்லை. தாகம் இருந்தது, விரல்களில் அந்தச் சின்ன நடுக்கம் இருந்தது, நாக்கில் ருசி இருந்தது. இப்போது அது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு வரவில்லை என்பதில் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு அந்த நடுக்கத்தோடு தனியாக உட்கார்ந்திருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. இனி யார் கேட்டாலும் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். சொன்னால் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு பேச்சியம்மாள் வந்தாள். ஒரு கையில் பொன்செல்வி. படியேறவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"இப்ப எப்பிடிட்டி இருக்கு? முன்னன்னா எனக்கே தெரியும். இப்ப நீ சொன்னாத்தான் உண்டு."

சேர்மக்கனி மகளைப் பார்த்தாள். நல்லாயிருக்கேன் மயினி என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"கை நடுங்குது மயினி," என்றாள். "தாகம் நிக்கல. பயமா இருக்கு. மாத்திரையப் பாத்தா பயமா இருக்கு, மாத்திரைய விட்டுட்டா என்ன ஆவேனோன்னு அதுக்கும் பயமா இருக்கு. ராத்திரியும் பகலும் பயந்துகிட்டேதான் கெடக்கேன். இவளத் தொடக்கூட பயமா இருக்கு."

பேச்சியம்மாள் கேட்டாள்:

"அன்னைக்கு ஓடையில எறங்கினியே, அப்ப பயமா இருந்துச்சா?"

சேர்மக்கனி யோசித்துப் பார்த்தாள். "இல்ல மயினி. துளிகூட இல்ல."

"அதாம்ட்டி," என்றாள் பேச்சியம்மாள்.  "ஒன் மூஞ்சியில துளி பயம் இல்ல. அதப் பாத்துத்தான் நான் பிள்ளையத் தூக்கிட்டுப் போனேன்."

பிடித்திருந்த பிள்ளையின் கையை அவள் விட்டாள்.